பாதி அறுத்த மரம்

புயல் போன மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை, டீ டம்ளரைத் தூக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் வெளுத்து மரத்துக் கிடந்தன. எதிரே உட்கார்ந்திருந்த கணவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் 'இன்றைக்குப் போகாதே' என்று அவர் சொல்ல வேண்டும், 'எப்படிப் போகாமல் இருப்பது' என்று அவள் கேட்க வேண்டும். அந்தப் பேச்சு போன வாரமே நடந்து முடிந்திருந்தது.

அந்தத் தெருவில் அவளுக்கு மிஷினக்கா என்று பேர். சொந்தப் பேர் கேஸ் பில்லில்தான் இருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. இப்போது மேற்பார்வை. மேற்பார்வை என்றால் நாற்காலி உண்டு என்று அர்த்தம் இல்லை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் போர்வைகளும் விரிப்புகளும் ஆறு பெரிய துவைக்கும் இயந்திரங்களுக்குள் போய், மூன்று உலர்த்திகளில் புரண்டு, மடிந்து வெளியே போகும்வரை ஈரத் தரையில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே இயந்திரம் நின்றுபோனால் கண்ணாடியில் ஒரு எண் மின்னும். அந்த எண்ணைக் கம்பெனிக்காரரிடம் போனில் சொல்ல வேண்டும். அவர் வந்து உள்ளே எதையோ மாற்றிவிட்டுப் போவார். என்ன கெட்டது, ஏன் கெட்டது என்று கேட்டால், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா" என்பார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரித் தோட்டத்தின் சாமான் அறையைக் காலி செய்தபோது, துருப்பிடித்த ஒரு சங்கிலி ரம்பம் குப்பையில் கிடந்தது. என்ன தோன்றியதோ, கேட்டு வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் இரண்டு ஸ்டாப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறிப் போய்விட்டாள்.

அதை ஓட வைக்க ஐந்து மாதம் ஆனது. புத்தகம் தேடி, பழைய பட்டறைக்காரர்களிடம் கேட்டு, கார்புரேட்டரைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவி, இறுகிப்போன திருகுகளுக்கு ராத்திரி எண்ணெய் விட்டுக் காலையில் திருப்பிப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாலாவது இழுப்பில் அது இருமிக்கொண்டு எழுந்தது. வீட்டுப் பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகை முழுக்கப் புகை. அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. புகையால்தான் என்று கணவரிடம் சொன்னாள். கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துகிறவர் அவர். நுணுக்கமான வேலையின் சந்தோஷம் அவருக்குத் தெரியும். ஆமாம், புகைதான் என்று ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்று ஒன்பதானது. எல்லாம் முப்பது, நாற்பது வருஷப் பழசு. உடைத்துப் பிரித்து, கழுவி, கோத்து, மரவாடியிலிருந்து வாங்கி வந்த கட்டையில் ஞாயிறு பத்து மணிக்குப் பத்து நிமிஷம் அறுத்துப் பார்ப்பாள். அவ்வளவுதான் அவளுடைய பொழுதுபோக்கு. இவற்றில் எது கெட்டாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை விரலால் தொட்டுப் பார்க்க முடிந்தது.

இதை ரசிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர், பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார். ரிடையர் ஆனவர். ஒவ்வொரு ஞாயிறும் சத்தம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நிமிஷம் நீடித்தது என்று கட்டம் போட்டு எழுதி, வருஷத்துக்கு ஒரு முறை கடிதமாகக் கொண்டுவந்து கொடுப்பார். கூட்டல் எப்போதும் சரியாக இருக்கும். இன்னொருவர், அவளுடைய சொந்த அண்ணன். நகரத்தின் மறு கோடியில் குடியிருந்தார். கல்யாணமோ காரியமோ, நாலு பேர் கூடின இடத்தில் அவளைப் பார்த்துவிட்டால் போதும். "எல்லாரும் வீட்டுல நாய் வளர்ப்பாங்க, பூனை வளர்ப்பாங்க. எங்க பாப்பா துரு வளர்க்குறா," என்பார். ஐம்பது வயதுத் தங்கையை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவதில் இருந்த பாசம் உண்மை. அந்தச் சிரிப்பும் உண்மை. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, கை கழுவுகிற சாக்கில் எழுந்து போவாள்.

புயல் ஒரே ராத்திரிதான் அடித்தது. விடிந்து பார்த்தால் தெருமுனையில் நின்ற பெரிய மரம் குறுக்கே படுத்திருந்தது. மின்கம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தண்ணீர் லாரி உள்ளே வர வழியில்லை. நகராட்சி ஆட்கள் வர எத்தனை நாளாகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அவள் கொட்டகையைத் திறந்து இருப்பதிலேயே பெரிய மிஷினை எடுத்துக்கொண்டு போனாள். சிவப்பு நிறம், பச்சைக் குழந்தையைவிட மூன்று மடங்கு கனம். அதைச் சரிசெய்ய இரண்டு வருஷம் பிடித்திருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் மரம் துண்டு துண்டானது. ஆண்கள் உருட்டித் தள்ளினார்கள். லாரி உள்ளே வந்தது. தெருவே கை தட்டியது. கணக்கு வாத்தியார்தான் முதலில் தட்டினார்.

அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எட்டு வருஷமாகச் சும்மா கட்டையை அறுத்துக்கொண்டிருந்தவளுக்கு, உண்மையான மரம், உண்மையான வேலை. ஆனால் அந்த ஒரு நாளோடு அது நிற்கவில்லை.

மறுநாள் வாத்தியார் ஒரு பட்டியலோடு வந்தார். அதே கட்டம், அதே அழகான கையெழுத்து. வீட்டு எண், மரத்தின் பருமன், எவ்வளவு அவசரம். முதலில் பதினொரு வீடு. பிறகு அடுத்த தெரு. அதற்குப் பிறகு, அடுத்த தெருவில் பெண் கொடுத்தவர்களின் தெரு. வேலை முடிந்து ஐந்தரைக்கு வீடு வந்தால் இருட்டுவதற்குள் இரண்டு வீடு. சனிக்கிழமை ஐந்து. ஞாயிறும் அப்படியே. யாரும் கெட்டவர்கள் இல்லை. டீ கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள், வாயார வாழ்த்தினார்கள். ஒரு பாட்டியம்மாள் அவள் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்த முகங்களைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

மிஷினை இரவல் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கேட்டார்கள். கொடுக்க முடியாத காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது வருகிற ரம்பங்களில் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். மிஷின் துள்ளி மேலே எகிறினால் அது கையில் பட்டு, சங்கிலி கண் இமைப்பதற்குள் நின்றுவிடும். அவளுடையவை அந்த பிரேக் வருவதற்கு முந்தின காலத்தவை. துள்ளினால் நேரே முகத்துக்குத்தான் வரும். எண்ணெய்கூடத் தானாக ஊறாது, அறுக்க அறுக்கக் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் கோணல் புத்தியும் அவளுக்கு அத்துபடி. பழக்கம் இல்லாத கையில் கொடுத்துவிட்டு அவளால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் எல்லா இடத்துக்கும் அவளே போனாள்.

ஆஸ்பத்திரியிலோ புயலுக்குப் பிறகு வார்டுகள் நிரம்பி வழிந்தன. விரிப்புகள் இரண்டு மடங்கு. மூன்று உலர்த்திகளில் ஒன்று தண்ணீர் புகுந்து நின்றுபோயிருந்தது. பகலெல்லாம் ஈரத் துணி, மாலையெல்லாம் மரத்தூள். ராத்திரி படுத்தால் உள்ளங்கையில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மடித்த போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தவள், நின்றபடியே தூங்கி, நாற்பதில் விட்ட எண்ணிக்கையை இருபதிலிருந்து தொடங்கினாள்.

அந்த மூன்றாவது வாரத்தில்தான், சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் வேலை வேண்டாம் என்று வாத்தியாரிடம் சொன்னாள். அவர் பட்டியலில் சனிக்கிழமைக்கு நேராக 'ஓய்வு' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணன் போன் செய்தார்.

"பாப்பா, வேலையா இருக்கியா?"

அண்ணன் அப்படிக் கேட்கிறவர் இல்லை. போனை எடுத்தால் விஷயத்தைச் சொல்லிவிட்டு வைக்கிறவர். அந்தத் தயக்கமே அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம் புயலில் வேர் ஆடிப்போய், நாளுக்கு நாள் சமையலறைப் பக்கம் சாய்கிறதாம். நகராட்சியில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இன்னும் இரண்டு வாரம் என்கிறார்கள். அண்ணி அடுப்படிக்குள் போகவே பயப்படுகிறாள்.

"நீ வந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போயேன்," என்றார்.

ஒரு பார்வை பார்க்கப் போகிறவள் சிவப்பு மிஷினையும் இன்னொரு சின்ன மிஷினையும் எடுத்துக்கொண்டு போவானேன்? கணவர் அதைக் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை எதிர்வீட்டுக்காரரின் வேனை இரவல் வாங்கி, கயிறு, ஆப்பு, பெட்ரோல் டப்பா எல்லாவற்றையும் ஏற்றினார். அவள் சங்கிலிகளைக் கழற்றி அரம் போட்டுத் தீட்டி மறுபடி மாட்டினாள். வண்டியில் ஏறினதும் தூங்கிவிட்டாள்.

அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஏழெட்டு நாற்காலிகள் போட்டிருந்தன. அக்கம்பக்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். அவள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இதான் என் தங்கச்சி. இவ கை வெச்சா எந்த மிஷினும் பேசும். நகராட்சிக்காரன் கிடக்குறான்."

அவள் மரத்தைப் பார்த்தாள். இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய பருமன். வேர்ப்பக்கம் மண் ஒரு முழம் தூக்கியிருந்தது. தலைப் பாரம் முழுக்கச் சமையலறைக் கூரைப் பக்கம். இது தனக்குச் சரிப்படாது என்று பார்த்த உடனே தெரிந்தது. கிரேன் வைத்துப் பிடித்துக்கொண்டு மேலிருந்து அறுத்து இறக்க வேண்டிய மரம். 'இது என்னால ஆகாதுண்ணா' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அண்ணன் இன்னமும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எட்டு வருஷமாக அவர் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று ஏங்கின பேச்சு. கடைசியில் அது வந்தபோது, அதை நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மரத்தைச் சாய்வுக்கு எதிர்ப்பக்கம், காலி இடத்தில் விழ வைக்க வேண்டும். உச்சியில் கயிறு கட்டி, ஆறு பேரை இழுக்க நிறுத்தினாள். ஆப்புப் பை எங்கே என்று கணவரைக் கேட்டாள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "எனக்கு வெச்சிராதே பாப்பா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிவப்பு மிஷின் நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. காலி இடத்துப் பக்கம் வாய் மாதிரி ஒரு வெட்டு எடுத்தாள். அது நன்றாகவே வந்தது. பிறகு சமையலறைப் பக்கம் வந்து பின்வெட்டைத் தொடங்கினாள். தூள் இளமஞ்சளாகக் கொட்டியது. நாலு விரல்கடை போயிருக்கும், ஆறு விரல்கடை போயிருக்கும். ஆப்பை அப்போதே சொருகியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டாள். ஏன் விட்டாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. குனிந்து ஆப்பை எடுப்பதற்குக்கூட அலுப்பாக இருந்தது என்பதுதான் உண்மையாக இருக்க வேண்டும்.

மரம் மெல்ல முனகியது. கயிறு இழுத்தவர்கள் இழுத்தபடி இருக்க, அது அவர்கள் பக்கம் போகாமல் பின்னால் உட்கார்ந்தது. பின்வெட்டு இறுக மூடிக்கொண்டது. மிஷினின் பார், அந்த நீளமான இரும்பு நாக்கு, மரத்துக்குள் சிக்கி, இன்ஜின் திணறி நின்றுபோனது.

அவள் மிஷினை அசைத்துப் பார்த்தாள். கல்லில் பதித்தது போல இருந்தது. ஆப்பை வைத்துச் சுத்தியலால் அடித்தாள், முனைதான் மழுங்கியது.

"அந்தச் சின்ன மிஷின் இருக்கே," என்றார் அண்ணன். "அத வெச்சு மீதிய அறுத்துரு. கயித்த இன்னும் நாலு பேர் சேர்ந்து பிடிக்கிறோம்."

கணவர் சின்ன மிஷினைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். அவள் குனிந்து இழுகயிற்றில் கை வைத்தாள். அப்போதுதான் கவனித்தாள். சங்கிலியின் பற்கள் எல்லாம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. காலையில் தீட்டிவிட்டு அவளே தலைகீழாக மாட்டியிருக்கிறாள். அந்தத் தப்பை முதல் வருஷத்தில்கூட அவள் செய்ததில்லை.

கணவரும் அதைப் பார்த்தார்.

அவள் கயிற்றை விட்டுவிட்டு, கையுறைகளைக் கழற்றி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரல் நுனிகள் நகம் வரைக்கும் வெளுத்திருந்தன. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னால முடியலண்ணா," என்றாள்.

"கொஞ்ச நேரம் உக்காரு. தண்ணி குடிச்சிட்டு..."

"இல்லண்ணா. தண்ணி குடிச்சாலும் முடியாது. இதுக்கு மேல நான் தொட்டா யாராவது செத்துருவாங்க."

அண்ணனின் முகம் சுருங்கியது. இத்தனை பேர் முன்னால் பாதியில் விட்டுவிட்டுப் போனால் எப்படி, முடியாது என்றால் முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, இப்போது மரம் முன்னைவிட மோசமாக அல்லவா நிற்கிறது என்று அடுக்கினார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். கணவர்தான், பேசாத மனிதர், பேசினார்.

"மச்சான், இவ மூணு வாரத்துல நாப்பத்தாறு மரம் அறுத்திருக்கா. ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள்கூட லீவு போடல. நேத்து சாப்பிடும்போது சோத்துத் தட்டுலயே தூங்கிட்டா. நீங்க கூப்பிட்டீங்கன்னு வந்தா. இதுக்கு மேல என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

கயிற்றை இறுக்கி, தண்ணீர்த் தொட்டியின் கான்கிரீட் தூணில் சுற்றிக் கட்டினார்கள். பாதி அறுத்த மரத்தடியில் யாரும் குடியிருக்க முடியாது. சிவப்பு மிஷினை அப்படியே மரத்தின் வாயில் விட்டுவிட்டு, அண்ணனும் அண்ணியும் ஆளுக்கொரு பையோடு வேனில் ஏறினார்கள். வழியில் அண்ணி, சமையலறையில் ஊறவைத்த பருப்பு அப்படியே இருக்கிறதே என்று ஒரு முறை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கோபமாகவே இருந்தார். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அவள் மாலைவரை தூங்கினாள். இரண்டு தடவை யாரோ வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போனது அரைகுறையாகக் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு வேலை முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்ற வாசல் படியில் உட்கார்ந்தாள். ஒரு செருப்பைக் கழற்றினாள். இன்னொன்றுக்குக் கை போவதற்குள் சுவரில் தலை சாய்ந்துவிட்டது. ஹாலில் உட்கார்ந்திருந்த அண்ணன் சத்தம் கேட்காமல் போகவே எழுந்து வந்து பார்த்தார். பிறகு குனிந்து, மடியில் கிடந்த அவள் கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தார். அந்தத் தொடுகையில் அவளுக்கு விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் பேச வேண்டியிருக்கும்.

அதே நேரத்தில் கேட் திறக்கும் சத்தம். கணக்கு வாத்தியார், பட்டியலோடு.

"இன்னிக்கு ரெண்டு வீடுதான்," என்றார் அவர். "ரெண்டும் சின்ன மரம்."

"பாப்பா தூங்குறா," என்றார் அண்ணன்.

"எழுந்ததும் சொல்லுங்க, நான் வெயிட் பண்றேன்."

"எழுந்ததும் சாப்பிடுவா சார். சாப்பிட்டுட்டு மறுபடி தூங்குவா."

"அப்ப நாளைக்கு வெச்சுக்கலாமா?"

"நாளைக்கும் இதேதான்."

வாத்தியாருக்கு முகம் சிவந்திருக்க வேண்டும், குரலில் தெரிந்தது. நான் என்ன எனக்காகவா கேட்கிறேன், என் வீட்டில் மரமே கிடையாது, ஊருக்கு ஒரு நல்லது நடக்கட்டும் என்றுதானே அலைகிறேன் என்றார். அதுவும் பொய்யில்லை. மூன்று வாரமாக வீடு வீடாகப் போய் மரங்களை நூல் வைத்து அளந்தவர் அவர்.

"நானும் உங்கள மாதிரிதான் சார்," என்றார் அண்ணன். "நாலு பேர் முன்னாடி பெருமையா நிக்க வெச்சு அறுக்கச் சொன்னேன். இப்ப என் வீட்டுக்குள்ள நானே போக முடியல." பட்டியலுக்குக் கை நீட்டினார். "அந்தப் பேப்பரக் குடுங்க, பார்ப்போம்."

அவர் பட்டியலை வாங்கி, படியில் தங்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முப்பத்தைந்து வருஷம் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஜனங்களைக் காத்திருக்க வைத்தவருக்கு, எப்படிக் காத்திருந்தால் மேசை அசையும் என்பதும் தெரியும். இதை ஏன் நகராட்சிக்கே கொண்டுபோகவில்லை என்று வாத்தியாரைக் கேட்டார். போனில் சொன்னோமே என்றார் வாத்தியார். போனில் சொன்னால் போனோடு போயிற்று என்றார் அண்ணன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கிளம்பினார்கள். நகராட்சி அலுவலகத்தில், அதிகாரியின் அறைக் கதவுக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து வணக்கம் சொன்னார்கள். சண்டை போடவில்லை, குரல் உயர்த்தவில்லை. மத்தியானம் அங்கேயே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். நாலு மணிக்கு, இவர்களை வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்ற நிலைக்கு அதிகாரி வந்துவிட்டார். புதன்கிழமை அண்ணன் வீட்டு மரம், வியாழனிலிருந்து பட்டியலில் உள்ள தெருக்கள் என்று எழுத்திலேயே கொடுத்தார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு பரீட்சையில் சேர்ந்து பாஸ் செய்தவர்கள் மாதிரி திரும்பி வந்தார்கள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் சலவைப் பிரிவில் இருந்தபோது போன் வந்தது. இயந்திரங்களின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கிரேன் வந்தது, மரத்தை மேலிருந்து பிடித்துக்கொண்டார்கள், சமையலறைக்கு ஒரு ஓடுகூட நகரவில்லை என்றார் அண்ணன். பிறகு பேச்சு இழுபட்டது.

"பாப்பா, உன் மிஷின்..."

"சொல்லுண்ணா."

"அடிமரம் திரும்பிருச்சு. நசுங்கிப்போச்சு. எடுக்கலாம்னு பார்த்தோம், முடியல."

இழவு சொல்கிற குரலில் சொன்னார். அவள் தனக்குள் ஏதாவது உடைகிறதா என்று காத்திருந்து பார்த்தாள். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருந்தன. ஒன்றும் உடையவில்லை. நான்காம் நம்பர் இயந்திரம் நின்று கதவு திறக்கக் காத்திருந்தது. "சரிண்ணா, சமையல்கட்டு தப்பிச்சுதே," என்றாள். போனை வைத்துவிட்டுப் போய்த் துணியை இழுத்து வண்டியில் போட்டாள்.

கிரேன்காரர் கூட்டத்துப் பெரியவர் வெட்டு வாயைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு விரல்கடை அறுத்திருந்தால் மரம் கூரை மேல் விழுந்திருக்காது, அறுத்தவர் மேலேயே உட்கார்ந்திருக்கும் என்று சொன்னாராம். அதை அண்ணன் போனில் சொல்லவில்லை. சாயங்காலம் நேரில் வந்து, பையை எடுத்துவைத்துக்கொண்டே, வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார். கிளம்பும்போது கேட் வரை போய்விட்டுத் திரும்பினார்.

"போன சனிக்கிழமைக்கு முன்னாடி உன் மிஷின் சத்தத்த நான் கேட்டதே இல்ல பாப்பா. எட்டு வருஷமா உன் வீட்டுக்கு வந்துட்டுப் போறேன். கொட்டாயிக்குள்ள ஒரு தடவ நுழைஞ்சதில்ல."

அவள் தலையாட்டினாள். அண்ணி அவள் கையைப் பிடித்து, இரண்டு நாள் லீவு போடச் சொன்னாள். போடுகிறேன் என்றாள். உண்மையாகவே போட்டாள்.

விரல்களை ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் பார்த்தார். வார்டில் பழக்கமானவர். அதிர்வு கொடுத்த வினை, ஆறு மாதத்துக்கு அதிரும் எதையும் பிடிக்கக் கூடாது, பிறகும் பத்து நிமிஷத்துக்கு மேல் கூடாது என்றார். பத்து நிமிஷம் எனக்குப் போதும் டாக்டர் என்றாள் அவள். அவருக்கு அது விளங்கவில்லை.

அண்ணன் பிறகு எடுத்து வந்த நசுங்கின மிஷின் ஒரு சாக்கில் கட்டிக் கொட்டகை மூலையில் ஒரு மாதம் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை அவிழ்த்துப் பெஞ்சின்மேல் வைத்தாள். பார் வளைந்து போயிருந்தது. வெளிக்கூடு இரண்டாகப் பிளந்திருந்தது, இனி ஒட்டாது. திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நடுவிரல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, ஒரு திருகு கீழே விழுந்து உருண்டது. தேடவில்லை. உள்ளே பிஸ்டன் கீறல் இல்லாமல் இருந்தது. அதைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்து, பழைய பனியன் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தாள். அதற்குள் முதுகு வலித்தது. மீதியை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகையைச் சாத்தினாள்.

உள்ளே வந்து படுத்தாள். கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருடைய கண்ணாடிக்கோ காதுக் கம்பி பொருத்திக்கொண்டிருந்தார். தொலைவில், இரண்டு மூன்று தெரு தள்ளி, நகராட்சி ஆட்களின் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இழுத்து இழுத்து ஓடியது. சங்கிலி மழுங்கிவிட்டது, நிறுத்தி நாலு இழுப்பு அரம் போட்டால் பாதி நேரத்தில் வேலை முடியும்.

"செயின் மொக்கையாயிருச்சு அவங்களுக்கு," என்றாள்.

"போய்ச் சொல்லணுமா?" என்று கேட்டார் கணவர்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் தூங்கிப்போனாள்.